பிறந்த வீட்டு ரத்தம்

1. ஸ்டெயின் சரியாகத்தான் இருந்தது

செங்கேணியின் ரத்தத்தை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்ததும், அணுக்களுக்கு ஏற்றும் சாயமான ஸ்டெயின் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஸ்லைடைத் தூக்கிப் போட்டேன். இன்னொரு சொட்டைக் கண்ணாடியில் ஸ்மியராக இழுத்து, காய வைத்து, ஸ்டெயின் ஊற்றி, மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அதுவும் அப்படியே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஃபீல்டு முழுக்க வெள்ளை அணுக்கள். அவையும் முற்றி வளர்ந்தவை அல்ல, பிஞ்சிலேயே ரத்தத்துக்குள் இறங்கிவிட்டவை. சிவப்பணு அங்கொன்றும் இங்கொன்றும் கிடந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் தனிஸ்லாஸைக் கூப்பிட்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கேயே மருத்துவம் படித்தவர் அவர். சந்தோஷம் வந்தால் தமிழ் பேசுவார், சங்கடம் வந்தால் பிரெஞ்சு. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "லூசெமி" என்றார்.

"தமிழ்ல எப்படிச் சொல்றது டாக்டர்?"

"ரத்தப் புற்று. இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு, இருபத்து மூணு இருக்கும்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். நான் முதலில் செய்ததைப் போலவே அவரும் ஸ்டெயினைக் குறை சொல்ல வழி கிடைக்குமா என்று தேடினார் என்பது எனக்குப் புரிந்தது.

என் பெயர் சவரிநாதன். புதுச்சேரி டவுனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐம்பத்து நாலில், பிரெஞ்சுக் கொடி இறங்கிய கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்சி மாறியதே ஒழிய லேபில் ஒன்றும் மாறவில்லை. அதே கண்ணாடி பாட்டில், அதே ரப்பர் ட்யூப். ஊசியை வேலை முடிந்ததும் கல்லில் தீட்டி, கொதிக்க வைத்து, மறுநாள் இன்னொருவர் கையில் குத்துவோம். பிளட் பேங்க் என்ற பெயரை நாங்கள் காதால் கேட்டிருந்ததோடு சரி. ரத்தம் வேண்டுமென்றால் ஆளைக் கூட்டிவர வேண்டும். ஆளைப் படுக்க வைத்து, ரத்தம் உறையாமலிருக்க சைட்ரேட் ஊற்றிய பாட்டிலில் இறக்கி, சூடு ஆறுவதற்குள் நோயாளிக்கு ஏற்றிவிடுவோம். இன்றைக்கு ஏசி ரூமில் உட்கார்ந்து மெஷின் சத்தம் கேட்டு வேலை செய்கிற லேப் பிள்ளைகள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படித்தான் பல உயிர் பிழைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் கழித்து வந்தவள் செங்கேணி, வடக்கு எல்லையில் இருக்கும் கனகசெட்டிக்குளத்துக்காரி. மீன்கூடை சுமந்து டவுன் வரைக்கும் நடந்து வந்து விற்றவள். பல் ஈறில் ரத்தம் கசிந்து, கை காலெல்லாம் நீலம் பாரித்து, காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

"இன்னா சார், கொசுகூட ஒரு தபா குத்தினா போயிடுது. நீ தெனம் வர்றியே!"

"உனக்குத்தாம்மா பாக்கறோம்."

"எனக்குப் பாக்கறன்னா ஒண்ணு கேக்கறேன், செய்வியா? எம் பொண்ணுக்கு இன்னும் காது குத்தல. எங்கண்ணன் மடியில அவள ஒக்கார வெச்சு, நான் பக்கத்துல நின்னு பாக்கணும். அதுவரைக்கும் என்ன நிக்க வெச்சிடு. அப்பறம் ஆனது ஆவட்டும்."

நோயின் பெயரை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தன் நாட்களை அளந்து வைத்திருந்தாள். மகள் பொன்னிக்கு அப்போது மூன்று வயது.

2. மஞ்சள் துணி கட்டிய கூட்டம்

டாக்டரிடம் இருந்தவை இரண்டே வழிகள். பிரான்சிலிருந்து வந்த ஒரு மாத்திரை, பிறகு புது ரத்தம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை அவளை ரத்தம் ஏற்றியே தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார். செங்கேணிக்கு ஓ குரூப். ஓ குரூப்காரர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனால் ஓவைத் தவிர வேறெதையும் வாங்க முடியாது. அவள் புருஷனும் நல்லவேளையாக ஓ. அவரிடமிருந்து ஒரு பாட்டில் எடுத்து ஏற்றினோம். ஒரு பாட்டில் எந்த மூலைக்கு? அவரிடமே உடனே மறுபடி எடுக்கவும் முடியாது. "ஊர்ல சொல்லி ஆளுங்கள இட்டுக்கினு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

யாராவது இரண்டு மூன்று பேர் வருவார்கள் என்று நினைத்தேன். ஒரு காலையில் லேப் வாசலுக்கு வந்தால், வெளியே ஒரு ஊர்வலமே நிற்கிறது. எல்லாரும் தலை முழுகி, நெற்றி நிறைய விபூதி பூசி, இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். தீமிதிக்குப் போகிறவர்கள் வழி தவறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

மீனவர் ஊர்களில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. திருவிழா வரியோ, வலை இழுக்கும் முறையோ, எதுவானாலும் தலைக்கட்டுக்கு ஒன்று என்றுதான் ஊர் பிரிக்கும். செங்கேணிக்கு ரத்தம் வேண்டும் என்றதும் ஊர் கூடிப் பேசி, அதையும் தலைக்கட்டுக் கணக்கில் போட்டுவிட்டது. அன்று ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் முன்னால் நின்றார். அவருக்கும் முன்னால், ஒரு அடி தள்ளி, செங்கேணியின் அண்ணன் அஞ்சாப்புலி.

"காலையில என்ன சாப்ட்டீங்க எல்லாரும்?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

நாட்டார் என்னை முறைத்தார். "சாப்பிடறதா? உசுரு குடுக்கற காரியம் சார். நேத்துலேருந்து பச்சத் தண்ணிகூட யாரும் தொடல."

தலையில் கைவைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தால் மயங்கி விழுவார்கள் என்று விளக்கினேன். "நாலாள் ஒசரத்து அலையத் தாண்டறவன் ஒரு ஊசிக்கா விழுவான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் நக்கலடித்தார். குரூப் பார்க்க விரல் நுனியில் ஊசியைத் தொட்டதும் முதலில் சரிந்தவர் அவர்தான்.

வார்டுக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி ஓடி வந்தார். கன்னியர்களை நாங்கள் மசேர் என்போம். அவர் கூட்டத்தையும் மஞ்சள் துணியையும் தரையில் கிடந்தவரையும் பார்த்தார். சமையலறையிலிருந்து கூடை கூடையாக ரொட்டியும் அண்டாவில் காப்பியும் வரவழைத்தார். யாரும் தொடவில்லை. விரதம் முறியுமே! நாட்டார் அண்டாவை எட்டிப் பார்த்தார். பிறகு, "சாமிக்கு விரதம் இருந்தாச்சு. இனிமே டாக்டருக்கு ரொட்டி. துண்ணுங்கடா" என்றார். அதற்குப் பிறகு அண்டா காலியாக நேரமாகவில்லை.

அஞ்சாப்புலி மட்டும் தொடவில்லை. "என் ரத்தம் எறங்கட்டும், அப்பறம் துண்றேன்" என்றார்.

3. நாட்டார் சொன்ன தீர்ப்பு

அஞ்சாப்புலிக்கு பி குரூப். இரண்டு முறை பார்த்தேன், பி தான். அவர் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, எங்கள் லேப் பாஷையில் சொன்னேன்: "அண்ணே, உங்க ரத்தம் ஆவாது. அடுத்த ஆள் வரட்டும்."

அடுத்த ஆள் வரவில்லை. ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்தினார்கள். அவர்களில் ஓ குரூப்காரர்கள் பலர் இருந்தார்கள், நானே பார்த்துப் பிரித்து உட்கார வைத்திருந்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா ஆச்சு? வாங்க, படுங்க" என்றேன்.

நாட்டார் நிதானமாகச் சொன்னார். "சார், ஒரு பொம்பளைக்கு விசேஷம்னா பொறந்த வீட்டு சீர் மொதல்ல எறங்கணும். அப்பறந்தான் ஊர் மொய். பொறந்தவன் இருக்கசொல்ல அவன முந்திக்கினு நாங்க கைய நீட்ட மாட்டோம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "இது என்ன கல்யாணமா? அங்க அவ மூச்சு வாங்கிக்கினு கெடக்கறா! இங்க சீரு, மொய்யுன்னு பேசிக்கினு நிக்கறீங்க!"

"நீ படிச்சவன், பேசற. ஊரு எல்லார் எதிர்லயும் இவன் ரத்தம் ஆவாதுன்னு சொல்லிப்புட்ட. நாளைக்கு இவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு தங்கச்சி பொண்ண மடியில வெச்சிக் காது குத்துவான்?"

அஞ்சாப்புலி என்னிடம் வந்து, "ஒரே வயித்துல பொறந்தோம் சார். ஒரே பாலு குடிச்சோம். எப்படி ஆவாம பூடும்? இன்னொரு தபா பாரு" என்றார்.

அவரை உள்ளே அழைத்துப்போய், வெள்ளை டைலில் செங்கேணியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தில் ஒரு சொட்டு விட்டு, அவர் ரத்தத்தைக் கலந்து ஆட்டிக் காட்டினேன். திரிந்த பாலைப் போல ரத்தம் திப்பி திப்பியாகப் பிரிந்தது. பக்கத்திலேயே அதே சீரத்தில் ஓ குரூப்பான நாட்டாரின் ரத்தத்தைக் கலந்தேன். அது வழவழவென்று அப்படியே நின்றது. "உங்க ரத்தத்த அவளுக்கு ஏத்தினா உள்ள இப்படித்தான் ஆவும். உயிர் போயிடும்" என்றேன். அவர் டைலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகம் அப்போது இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் குரூப் மாறுமா?

அந்த நேரத்தில் மசேர் திரும்பி வந்தார். பிரசவ வார்டில் வளையல் கடைக் காதர் பாயின் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. "சவரி, பி குரூப் யாராச்சும் கெடைப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் அஞ்சாப்புலியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாசலுக்குப் போய் நாட்டாரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவருடைய ரத்தம் அந்தம்மாவுக்கு அப்படியே சேரும், முதலில் இவரிடம் எடுத்துவிடுகிறேன், அப்புறம் உங்கள் முறை நிறைவேறியதா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன்.

நாட்டார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சிக்காவ மொதல்ல எறங்கனது அண்ணன் ரத்தந்தான். அத எந்தக் கட்டிலுக்கு எடுத்துக்கினு போனாங்கன்றது ஆஸ்பத்திரிக்காரங்க பாடு. இன்னாங்கடா?"

"சரிதான்" என்றது ஊர்.

அஞ்சாப்புலி படுத்தார். மசேர் வற்புறுத்தி, படுத்த வாக்கிலேயே அவர் வாயில் ரொட்டியைத் திணித்தார். பாட்டில் நிறைந்ததும் காதர் பாய் தானே வந்து அதைப் பார்த்தார். அஞ்சாப்புலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் என்ன சொல்றது" என்றார். அதன் பிறகு ஊர் வரிசையாகக் கையை நீட்டியது. அன்று ஆரம்பித்து, கூப்பிட்ட போதெல்லாம் தலைக்கட்டு முறைப்படி ஆள் வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

4. காதுகுத்து

மாத்திரை வேலை செய்தது. ஒவ்வொரு ஸ்மியரிலும் அந்தப் பிஞ்சு அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு நாள் ஸ்லைடைப் பார்த்துவிட்டு டாக்டர் தனிஸ்லாஸ் தமிழில் பேசினார். "சவரி, இப்ப கூட்டிக்கினு போயி காது குத்தச் சொல்லு. தள்ளிப்போட வேணாம்."

எங்களையும் அழைத்திருந்தார்கள். நான் போனேன். அஞ்சாப்புலி புது வேட்டி கட்டி, பொன்னியை மடியில் வைத்து, அவள் திமிறத் திமிற இறுக்கிப் பிடித்திருந்தார். குழந்தை ஊரைக் கூட்டியது. கை நிறையப் புது வளையல், காதர் பாய் கொடுத்தனுப்பியது. செங்கேணி பக்கத்தில் நின்றாள், யாரையும் பிடித்துக்கொள்ளாமல், தன் காலில். என்னைப் பார்த்துவிட்டு, "சார், அந்த ஆசாரி கையில குடுத்து ஒன் ஊசியத் தீட்டிக்கினு போ. எவ்ளோ ஒயுங்கா குத்தறாரு பாரு" என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

5. எலும்புக்குள் இருப்பது

சில மாதம் நன்றாக இருந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. ஸ்மியரில் அதே பிஞ்சு அணுக்கள் திரும்பி வந்துவிட்டன. இந்த முறை மாத்திரைக்கு அவை அசையவில்லை. ஊர் மறுபடி தலைக்கட்டு போட்டது, ரத்தம் ஏற்றினோம், ஏற்றிய ரத்தம் நிற்கவில்லை.

அஞ்சாப்புலி டாக்டரிடம் நேரே வந்து கேட்டார். "ஐயா, வேற வழியே இல்லியா? ஒலகத்துல எங்கியும் இல்லியா?"

டாக்டருக்குக் கப்பலில் பிரெஞ்சு மருத்துவப் பத்திரிகைகள் வரும். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "பாரிஸ்ல ஒண்ணு செஞ்சு பாக்கறாங்க. ரத்தம் ஊறுறது எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையிலதான். நல்ல ஆளோட மஜ்ஜைய எடுத்து நோயாளிக்கு ஏத்திப் பாக்கறாங்க" என்றார்.

அஞ்சாப்புலி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடு ஐயா. கால் எலும்பா, முதுவெலும்பா? எது வேணுமோ எடுத்துக்க. நான் நொண்டியாப் போனாலும் பரவால்ல."

"எடுக்கறது பெரிசு இல்ல அஞ்சாப்புலி. அவ உடம்பு அத ஏத்துக்குமான்னு சொல்ல இன்னைக்கு உலகத்துல யாருக்கும் தெரியல. பாரிஸ்லயே முக்கால்வாசிப் பேரு தாங்கல. இங்க அதச் செய்யற வசதியும் இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். டாக்டரிடம் கிடைக்காதது என்னிடம் கிடைக்குமா என்று ஒரு நப்பாசை. அவருக்கு இன்னும் ஆசை வளர வேண்டாமே என்று நினைத்து நான் சொன்னேன். "அண்ணே, உங்க குரூப்பே வேற. ரத்தமே ஆவாதுன்னா மஜ்ஜை எப்படி ஆவும்?"

அவருக்கு அது புரிந்தது. டைலில் கண்ணால் பார்த்தவராயிற்றே. "ஆமா, நாந்தான் ஆவாதவனாச்சே" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய் தங்கை கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

மழைக்காலம் தொடங்குமுன் செங்கேணி போய்விட்டாள். கடைசி வரை நினைவோடு இருந்தாள்.

6. போய்ச் சொல்லிவிட்டு வந்தது

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு என்னை ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா ரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதைப் பற்றிப் பாடம் எடுத்தார். இன்று கை நரம்பிலிருந்தே மெஷின் வைத்து, ரத்தத்துக்கு மூல அணுவான ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கிறார்கள். அண்ணன் ஒரு கட்டிலில் படுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டே தங்கைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். அப்போது இடுப்பெலும்பில் ஊசி குத்தித்தான் எடுத்தார்கள். யாரிடம் எடுப்பது என்று அந்தம்மா சொன்னார். முதலில் கூடப் பிறந்தவர்களைத்தான் பார்க்க வேண்டும், சேருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு, அது ரத்த குரூப்பை வைத்து அல்ல, திசுப் பொருத்தம் என்று வேறு ஒன்றை வைத்து.

நான் கையைத் தூக்கினேன். "டாக்டர், தங்கச்சி ஓ, அண்ணன் பி. அப்ப?"

"குரூப் வேறயா இருந்தாலும் செய்யலாம் சார். கொஞ்சம் ஜாக்கிரதையா, சில வேலை கூடுதலா செய்யணும், அவ்வளவுதான். ஒட்டிக்கிச்சுன்னா போகப் போக தங்கச்சியோட குரூப்பே பியா மாறிடும்."

வகுப்பில் அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

மஜ்ஜையும் ஆகாது என்று அன்று நான் சொன்னது தப்பு என்று என்னை நானே அடித்துக்கொள்ளவில்லை. திசுப் பொருத்தம் என்பதை அந்த நாளில் பாரிஸில் இருந்தவர்களே அப்போதுதான் தேடத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஒன்று உறுத்தியது. அஞ்சாப்புலியின் ரத்தம் செங்கேணிக்கு ஏற்றுவதற்குத்தான் ஆகாது. நானோ மொட்டையாக "ஆவாது" என்று சொல்லி, ஒரு மனிதரை அந்த வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். லேபில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எது, யாருக்கு, எதற்கு ஆகாது என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். நமக்கு அது ஒரு ரிசல்ட். கேட்கிறவர் அதைத் தன் பிறப்புக்கே வந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போவார்.

கனகசெட்டிக்குளத்துக்கு பஸ் ஏறினேன். அஞ்சாப்புலி கிழவராகியிருந்தார், கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உட்கார வைத்தார். பொன்னி கொஞ்ச தூரத்தில் மணலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தாவைப் போலவே சத்தமான பேச்சு, காதில் பெரிய கம்மல்.

வகுப்பில் நான் கேட்டு வந்ததைச் சொன்னேன். அவர் மஜ்ஜை சேர்ந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, நாலில் ஒரு வாய்ப்புத்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். குரூப் அதற்குத் தடையே இல்லை என்றேன். ஒட்டியிருந்தால் செங்கேணியின் உடம்பில் ஓடுவது முழுக்க அண்ணன் ரத்தமாகவே இருந்திருக்கும் என்றேன்.

அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனிதருக்கு ஆறிய புண்ணைக் கிளறிவிட்டோமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"அப்ப நான் ஆவாதவன் இல்ல?"

"இல்லண்ணே. அவளுக்காகத் தேடற மொத ஆளே நீங்கதான்."

அவர் எழுந்து நின்று மணல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "பொன்னீ! கைய அலம்பிக்கினு இங்க வா." அவள் ஈரக்கையோடு வந்து எங்கள் எதிரே நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சார், இப்ப சொன்னத இன்னொரு தபா சொல்லு. இவளும் கேக்கட்டும்."